கபனில் மிஞ்சிய துணி

விடியலில் ஸுபஹு தொழுதுவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது தொலைபேசி அடித்தது. "நஸ்ரின் மிஸ்ஸி மவுத்தாகிட்டாங்களாம்" என்றார் எங்கள் கிளினிக் காவலாளி. டெங்குக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம்.

கற்பிட்டிக் கரையில் பிள்ளை பெற்றவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவளும் நானும் அடுத்தடுத்த பிரிவுகளில் மருத்துவமாதுகள். பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரம்தான் இருப்பாள். முதுகுக்குப் பின்னால் "கட்டை மிஸ்ஸி" என்பார்கள். அது அவள் காதிலும் விழும், சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

மீனவரின் மனைவி பரீனாவின் வீட்டுக்கு ஒருநாள் நானும் போனேன். அங்கே கடலுக்குப் போகிறவருக்கு மீன், பிள்ளைகளுக்குச் சோற்றில் ஊற்றிய ஆணம், வெறும் குழம்பு மட்டும். பல வீடுகளில் அதுதான் வழக்கம். மூத்த மகனைப் பலகையில் கிடத்தி நஸ்ரின் அளந்தாள். வயதுக்கேற்ற உயரம் இல்லை. "வகுறு நெறயத்தான் தின்றான் மிஸ்ஸி, கன்னத்தப் பாருங்களேன். சின்னப் புள்ளைக்கி மீன் குடுத்தா பூச்சி வருமே" என்றாள் பரீனா.

நஸ்ரின் எழுந்து நின்றாள். "என்னப் பாருங்க. எங்க வாப்பா வாசல்ல குனிஞ்சிதான் வருவாரு, அவ்வளவு ஒசரம். தொண்ணூறுல முஸ்லிம்கள மன்னார உட்டு வெரட்டக்கொள நான் கைப்புள்ள. அகதி முகாம்ல சோறும் பருப்பும்தான். வகுறு நெறஞ்சிச்சி. நான் வளரல்ல."

அடுத்து மகள் பிறந்தாள். ஆறு மாதம் கழிந்ததும் பரீனா அவளுக்கு மீனை முள்ளெடுத்துப் பிசைந்தாள். முருங்கை இலை, முட்டை, பப்பாசிப்பழம் என்று மாற்றி மாற்றி ஊட்டினாள். இன்று அவள் அண்ணனைவிட உயரம். இருவரும் பள்ளிவிட்டு வரும் வழியில் யாரோ அவனிடம், "இது ஒங்கட ராத்தாவா?" என்று தங்கையை அக்காவாக்கிக் கேட்டார்கள். பரீனா அதை நஸ்ரினிடம் சொல்லியிருக்கிறாள். அன்று பஸ்ஸில் நஸ்ரின் என்னிடம் சொன்னாள்: "மூத்தவனுக்கு நான் பிந்திட்டேன்."

விலைவாசி ஏறியபின் தாய்மார் அவளைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். "முட்டை குடுங்கன்டு சொல்றீங்க, எதால வாங்குற?" நஸ்ரின் கரைக்குப் போய், லொறியில் ஏற்றாத சின்ன மீன்களை அந்த வீடுகளுக்காகக் கேட்டு வாங்குவாள். சில நாள் கிடைக்கும். பல நாள் வெறுங்கையோடு வருவாள்.

மவுத்தான அன்று அவள் உடலைக் குளிப்பாட்ட நானும் இருந்தேன். உடலைச் சுற்றி அடக்கும் கபன் துணியை எல்லாப் பெண்களுக்கும் வாங்குவதுபோல வாங்கி வந்திருந்தார்கள். வெட்டியபோது நிறைய மிஞ்சியது. மிச்சத்தைக் கையில் எடுத்த பரீனா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எண்ட மூத்தவனுக்கும் இப்பிடித்தான் மிஞ்சுமா மிஸ்ஸி?"

அவள் கையிலிருந்து அதை வாங்கி மடித்தேன். அந்தத் துணி இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. நஸ்ரின் வளராமல் போன உயரம் அது.