பச்சை முனை

பிள்ளைகளே, நீங்கள் இப்போது வயரே இல்லாத ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஹெட்செட்டுக்கு இரண்டு வால் இருந்தது. பச்சை முனை காதுக்கு, ரோஸ் முனை வாய்க்கு. இரண்டையும் கம்ப்யூட்டரின் முதுகில் செருக வேண்டும்.

அப்பா அப்போது வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடலில்லை. அன்று சாயங்காலம் இனயம் ஊரில் இருந்த எங்கள் வீடு நிறைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பேசினால் சொந்தக்காரர் எல்லாரும் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் கரை வழக்கம். அப்பாவின் அக்காவான என் அத்தைக்கு முதல் நாற்காலி.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது அம்மாவின் தம்பியான என் மாமா. பக்கத்து ஊரான கருங்கலில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவர். முதலில் ஸ்பீக்கர் போட்டார். அப்பாவின் குரல் ஸ்பீக்கரில் வந்து, மைக்கில் புகுந்து, திரும்ப அவருக்கே போனது.

"ஆருலே அங்க, என்னப் போலயே பேசுதது?" என்றார் அப்பா.

அதனால்தான் மாமா ஹெட்செட் வாங்கினார். பச்சை முனைக்கு ஒரே ஓட்டைதான். ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டு ஹெட்செட்டைச் செருகி அம்மாவின் தலையில் மாட்டினார். நாங்கள் எல்லாரும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மெல்லப் பேசினாள், இடையில் சிரித்தாள்.

"என்னட்டி சொல்லுதான்?"

"சொகந்தானாம்."

"அரமணி நேரமாட்டு சொகத்தையா சொல்லுதான்?" என்றாள் அத்தை.

அடுத்த வாரம், இரைந்தால் இரையட்டும் என்று அத்தை மறுபடி ஸ்பீக்கரைப் போட வைத்தாள். அம்மா "சாப்பிட்டியளா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா "ஆமா" என்றார். மீதி நேரமெல்லாம் அத்தைதான் பேசினாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. மாமா குனிந்து கம்ப்யூட்டரின் பின்னால் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஓட்டையில் ஹெட்செட்டின் பச்சை முனை இருந்தது. ஸ்பீக்கரின் முனை தரையில் கிடந்தது. மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா, தூசியே இல்லாத திரையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்பீக்கர் போச்சு மயினி. உப்புக் காத்துல்லா" என்று அத்தையிடம் சொன்னார் மாமா.

எங்கள் கரையில் உப்புக் காற்றின் மேல் பழி போட்டால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அத்தையும் பெருமூச்சோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஸ்பீக்கர் வயரு கீழ கெடக்கு" என்று நான் அவர் காதில் சொன்னேன்.

"அது அங்கதான் மக்கா கெடக்கணும்."

அம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் கூட்டுக்காரனிடம் மனம் நொந்து சொன்னேன்: ஆறு மாதம் படித்தும் எங்கள் மாமாவுக்கு எந்த வயர் எங்கே என்று தெரியவில்லை.