சணல் கதிரும் பஞ்சு மில் கையும்

பாலிகஞ்சில் ஒரு தமிழரின் இட்லிக் கடையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கக் கிரைண்டருக்குக் காவல் நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. கடைக்காரரின் மச்சான் வடக்கே கங்கைக் கரையில் ஒரு சணல் மில்லில் நூற்புப் பகுதி சர்தார், நம்மூர்ப் பேச்சில் மேஸ்திரி. நான் கோயம்புத்தூர் மில்லில் பஞ்சு நூல் ஓட்டியவன் என்று கேட்டதும் வரச் சொன்னார்.

"ஒரு ஷிப்டு ஓட்டிக் காட்டு. அறுந்த இழைய விடாம சேத்துட்டன்னா பதலியில, ஆள் வராத நாளுக்கு மாத்தாளா, போட்டுக்கறேன். இல்லன்னா திரும்ப மாவுதான்."

பஞ்சு மில்லில் இழை அறுந்தால் நூலைச் சுற்றிக்கொண்டு ஓடும் கதிரை விரலால் பிடித்து நிறுத்திச் சேர்ப்போம். சணல் கதிர் அப்படியல்ல. அதன் தலையில் ஃபிளையர் என்ற இரண்டு கால் இரும்பு கவிழ்ந்து நின்று நூலை முறுக்கிச் சுழலும். ஓடும்போது கால்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கதிருக்கும் தனி பிரேக் உண்டு. சர்தார் காலையிலேயே அதைக் காட்டியிருந்தார். தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. முதல் இழை அறுந்ததும் இடது கை தானாக நீண்டது. ஆள்காட்டி விரலில் பாதி நகம் போயிற்று.

பக்கத்து நூற்பு பிரேம் ஓட்டிய பிகார்க்காரர் தன் கம்சாத் துண்டைக் கிழித்துச் சுற்றிவிட்டார். "சர்தார் பார்த்தால் அனுப்பிவிடுவார்" என்று இந்தியில் சொன்னார்.

அடுத்த இழைக்கும் அதே கை நீண்டது, பாதியில் இழுத்துக்கொண்டேன். பிறகு கழிவுச் சணலில் ஒரு பிடி எடுத்து இடது கையில் இறுக்கி வைத்துக்கொண்டேன். இழை சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அதை இடுப்பில் செருக வேண்டும். செருகுவதற்குள் பிரேக் நினைவுக்கு வந்துவிடும்.

பாபின்கள் நிறைந்ததும் சர்தார் விசில் ஊதினார். பிரேம் நின்றது. பாபின் மாற்றும் கூட்டம் ஓடிவந்து கழற்றத் தொடங்கியது. ஒன்றிரண்டு மட்டும் நூல் குறைந்து இளைத்திருந்தன. சர்தார் அவற்றைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"அது என்னப்பா குப்ப?"

"கழிவுண்ணே. இது இருந்தா கை கதிர்கிட்ட போவல."

"உள்ள இருக்கற விரலக் காட்டு."

காட்டினேன்.

"கோயம்புத்தூர்க் கை, சொன்னா கேக்காது" என்றார். "டிஸ்பென்சரிக்குப் போய்க் கட்டு. நாளைக்கு வந்துரு. குப்பைய மறந்துட்டு வராத."

அன்று மாலை மாவுப் பாத்திரங்களை ஒற்றைக் கையால் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டேன்.