நாற்பது துளை ரிம்மும் திருப்புட்குழிச் சாலையும்

ஜெனிக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும், ஞாயிறு காலை கிளம்புகிறாள். கல்லூரியில் மூன்று வருடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இரண்டாம் வருடத்திலிருந்தே, ஒரு நாள் சைக்கிளில் திருப்புட்குழி வரை போய்வரலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பரீட்சை, மழை, வீட்டில் அனுமதி இல்லை என்று அந்த நாள் தள்ளிக்கொண்டே போனது. இப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அது ஆவணி மாதத்து அமாவாசை.

எனக்கு ஜெனியைத் தவிர நெருங்கிய தோழிகள் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், ஒரு சக்கரத்துக்காக நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

என் சைக்கிள் பிளஸ் ஒன்னில் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. ஓரிக்கை சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பின் சக்கரத்தின் ரிம் வளைந்து, வெடிப்பும் விட்டுவிட்டது. எங்கள் ஊர் பஞ்சர் கடையில் ரிம் வைப்பதில்லை. போனில் தேடினேன். 26 அங்குலம், விலை 649 ரூபாய், ஐந்து நாளில் வீட்டுக்கு வரும். அப்பாவின் டேப்பை எடுத்து மூன்று முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். கடைகளில் விலை இதைவிடக் குறைவு என்று தெரியும். ஆனால் கடையில் பேச வேண்டும். என்ன வேண்டும், யாருக்கு, அப்பா வரலையா என்று கேட்பார்கள். போன் எதுவும் கேட்காது.

வெள்ளிக்கிழமை மாலை பார்சல் வந்தது. ரிம் அவ்வளவு பளபளப்பாக இருந்தது, அதைத் திருப்பித் திருப்பிச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சக்கரத்தைப் பிரித்து, கம்பிகளைப் புது ரிம்மில் கோத்து, ஆடாமல் நேராக்கித் தர ஒரு ஆள் வேண்டும். அதைச் செய்யக்கூடிய கடை பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இருக்கிறது, அதுவும் அமாவாசை அன்றைக்கு மட்டும் செய்வார்கள் என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஏன் அமாவாசை என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

காலை 6.50க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். ஓட்ட முடியாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ரிம்மைத் தோளில் பூணூல் போல மாட்டிக்கொண்டு நடந்தேன். லோடு ஆட்டோ 200 ரூபாய் கேட்டது. நடந்தால் 4.6 கிலோமீட்டர்தான். பாலாற்றுப் பக்கமிருந்து மணல் வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது. வளைந்த சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'சர்ர்' என்று உரசியது. கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தத்துக்கு என் கால்கள் பழகிவிட்டன. பாதி தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. எதிரே பால் கேனோடு வந்த ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "இன்னாமா, சைக்கிள் உன்ன ஓட்டுதா, நீ சைக்கிள ஓட்டுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் திருப்பம் தாண்டிய பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

8.15க்குக் கடை வந்தது. வேறு நாளில் அந்தத் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்கும். அமாவாசை அன்று தறி ஓடாது. அவ்வளவு அமைதியில் ஒரு வீட்டுக்குள் கரண்டி விழுந்தால் தெரு முழுக்கக் கேட்டது. கடையை நடத்துவது சேகர் என்பவரும் அவர் மனைவி கலாவும். சேகர் சாமான் விற்பார், கலா அக்கா சக்கரம் கோப்பார். மற்ற நாளெல்லாம் அக்கா தறியில் இருப்பதால்தான் இந்த வேலைக்கு அமாவாசை.

எனக்கு முன்னால் ஐந்து சக்கரங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. அதில் இரண்டு சைக்கிளுடையவை அல்ல, ராட்டையுடையவை. நெய்வதற்கு முன் பட்டு இழையைச் சின்னக் குழலில் சுற்ற வேண்டும், தாரு சுற்றுவது என்பார்கள். அந்த ராட்டைக்கு இங்கே பெரும்பாலும் சைக்கிள் சக்கரத்தையே வைத்துக்கொள்கிறார்கள்.

என் முறை வரும் முன்பே கலா அக்கா என் ரிம்மை வாங்கி மடியில் வைத்து, கட்டைவிரலை அதன் மேல் ஒரு சுற்று ஓட்டினார். அவர் உதடு அசையவே இல்லை.

"முப்பத்தாறு" என்றார். பிறகு என் பழைய சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திருப்பினார். "இதுல நாப்பது. எப்படிமா சேரும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இருபத்தாறு இஞ்ச்தான்கா. அளந்து பாத்தேன்."

"அளந்த. ஓட்டைய எண்ணினியா?"

"டிகிரி படிச்ச பொண்ணு போலருக்குது" என்றார் சேகர், கல்லாவிலிருந்து. "அவங்கல்லாம் எண்ண மாட்டாங்க, கால்குலேட்டர்தான்."

"நீ சும்மாரு. நீ மொதல்ல கடை வச்சப்ப லெஃப்ட் பெடலுக்கும் ரைட் பெடலுக்கும் வித்தியாசம் தெரியாம நட்டு உடைச்ச ஆளு."

விஷயம் இதுதான். என் பின் சக்கரம் சைக்கிளோடு வந்தது அல்ல. எப்போதோ அப்பா ஒரு பழைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது. பழைய வண்டிகளின் பின் சக்கரத்தில் நாற்பது கம்பி. போனில் 'எல்லா 26 அங்குலத்துக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த ரிம்மில் முப்பத்தாறு துளை. திருப்பி அனுப்பலாம், ஆனால் மாற்று வர ஒரு வாரம் ஆகும்.

"நாப்பது ஓட்டை ரிம்மு உங்ககிட்ட இருக்குதா அண்ணா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குது. அது ஜமுனாக்காவுக்கு எடுத்து வச்சது" என்று சேகர் பெஞ்சைக் காட்டினார். அங்கே ஐம்பது வயதுள்ள ஒரு அம்மா கையில் காலி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். ராட்டைச் சக்கரங்களில் ஒன்று அவருடையது.

நான் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். இந்த இடத்தில் இந்தக் கட்டுரையை வாசிக்கிற நீங்கள் என்னைத் திட்டலாம். 8.30லிருந்து 11.20 வரை நான் அங்கே வாய் திறக்கவில்லை. ஜெனிக்கு 'முடியாது போலிருக்கிறது' என்று எழுதி, அனுப்பாமல் அழித்து, மறுபடி எழுதினேன். கலா அக்காவின் கை கம்பிகளைக் கோத்துக்கொண்டே இருந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று குறுக்கே. கம்பிகள் வெயிலில் ஒவ்வொன்றாகப் பளிச்சிட்டு அணைந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் எங்கோ வெளியே போய் நின்றுகொண்டது போல இருந்தது.

11.20க்கு அக்கா அந்த நாற்பது துளை ரிம்மைக் கையில் எடுத்தார். முதல் கம்பி உள்ளே போகப் போகிறது. நான் எழுந்துவிட்டேன்.

"அக்கா." குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, "அக்கா, இந்தப் புது ரிம்ம ராட்டைக்குப் போட முடியாதா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. ஆனால் ஆரம்பித்துவிட்டதால் நிறுத்த வழியில்லை. "ராட்டைக்கு முப்பத்தாறு கம்பி போதும்னா, இத அவங்க எடுத்துக்கட்டும். அத எனக்குக் குடுங்க."

ஜமுனா அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு ஒத்துக்காதது எனக்கு மட்டும் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்கா" என்றார் கலா அக்கா, ரிம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. "முப்பத்தாறு ஹப்பு ஒண்ணு டப்பால சும்மா கிடக்குது. ராட்டை மேல யாரும் ஏறி உக்காந்துக்கினு மெட்ராஸ் போகப் போறதில்ல."

"பளபளன்னு வேற இருக்குது" என்றார் சேகர். "தாரு சுத்திக்கினே மூஞ்சி பாத்துக்கலாம். ரிம்முக்கு ரிம்மு, யாரும் யாருக்கும் காசு தர வேணாம்."

"என் மூஞ்சிய நான் பாத்தது போதும்" என்று ஜமுனா அக்கா என் பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னாமா அவ்ளோ அவசரம்? அடுத்த அமாவாசைக்கு வாயேன்."

"என் ஃப்ரெண்டு நாளைக்கு ஓசூர் போறாக்கா. அவகூட இன்னிக்கு சைக்கிள்ல திருப்புட்குழி போகணும்." சொல்லி முடித்ததும் அது மிகச் சின்ன விஷயமாகத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

அவர் என் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கலா, மொதல்ல இவளுக்குப் போட்டுக் குடு. என் தறி நாளைக்குக் காலைலதான். என் ராட்டை எந்த ஊருக்கும் போகல" என்றார்.

புதுக் கம்பிகள் 200 ரூபாய், கோத்து நேராக்கிய கூலி 250. 1.40க்குச் சக்கரம் தயார். ஜெனியிடமிருந்து நான்கு அழைப்புகள் தவறியிருந்தன. ரயில் நிலையம் அருகே அவள் தம்பியின் கியர் சைக்கிளோடு நின்றிருந்தாள். "இன்னாடி சத்யா, நான் ஓசூருக்கே சைக்கிள்ல போயிருப்பேன்" என்றாள்.

2.05க்குப் புறப்பட்டோம். வேலூர் போகிற சாலையில் பாலுசெட்டி சத்திரம் வரை போய், அங்கிருந்து உள்ளே திரும்ப வேண்டும். கடையிலிருந்து மொத்தம் 13 கிலோமீட்டர் சொச்சம் என்று போன் காட்டியது. மேகம் மூடியிருந்ததால் வெயில் இல்லை, புழுக்கம் மட்டும். ஊரை விட்டு வெளியே வந்ததும் சாலையின் இரு பக்கமும் பச்சை. என் பின் சக்கரத்தில் உரசல் இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் சைக்கிள் போவதே கனவில் போவது போல இருந்தது. சில இடங்களில் நான் பெடல் மிதிப்பதையே மறந்து, காற்றுதான் தள்ளுகிறது என்று நினைத்தேன். பெரிய சாலையில் லாரிகள் அதிகம். அங்கே கனவெல்லாம் வேண்டாம், வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கமே ஒட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். ஜெனி முன்னால் போனாள். அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். முடிச்சின் நுனி மட்டும் பறந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

3.25க்குத் திருப்புட்குழி. தெரு காலியாக இருந்தது. கோயில் கதவு சாத்தியிருந்தது. மாலையில் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னார். ஜெனி ஐந்தரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அவளை வழியனுப்ப ஜெபம் வைத்திருக்கிறார்கள், பாஸ்டர் வருகிறார். காலையில் கிளம்பியிருந்தால் உள்ளே போயிருக்கலாம். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

குளத்துப் படியில் உட்கார்ந்தோம். தண்ணீரில் மேகம் நகராமல் கிடந்தது. நான் கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். மூன்று வருடத்தில் ஜெனிதான் பேசுவாள், நான் கேட்பேன். அன்றைக்கு அவளும் பேசவில்லை. காலையில் ஒருமுறை வாய் திறந்த பழக்கமோ என்னவோ, எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"நீ போறது எனக்குப் பிடிக்கல."

ஜெனி மெல்லுவதை நிறுத்தினாள். "இத சொல்லவா பதிமூணு கிலோமீட்டர் ஓட்டிக்கினு வந்த?"

"ஆமா."

"போன்ல சொல்லியிருக்கலாமே."

"போன்ல வராது."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். பிறகு அவளே எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு லீவுல வருவேன். அப்ப காலைலயே வரலாம். அதுக்குள்ள நீ மட்டும் வந்து உள்ள பாத்துட்டுப் போயிடாத, சொல்லிட்டேன்."

3.55க்குத் திரும்பினோம். 5.20க்கு அவள் வீட்டு முனை.

இதே போலப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மணி, விளக்கு, பம்பு, பூட்டு இவற்றைப் போனில் தாராளமாக வாங்கலாம், ஏமாற இடமில்லை. ரிம், கம்பி, ஃப்ரீவீல் போன்றவற்றை உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள், பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். போனில்தான் வாங்குவேன் என்றால் துளைகளை எண்ணுங்கள், முன் சக்கரத்துக்குத் தனியாக, பின் சக்கரத்துக்குத் தனியாக. என்னைப் போலப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் எண்ணிய எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டினாலும் போதும், கடைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். காஞ்சிபுரத்தில் சக்கரம் கோக்க வேண்டுமென்றால் அமாவாசை என்றைக்கு என்று நாட்காட்டியில் பார்த்துவிட்டு, கடை திறக்கும் முன்பே போய் நில்லுங்கள். திருப்புட்குழிக்கு விடியற்காலையில் கிளம்புவது நல்லது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

கோயிலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்பீர்கள். அதன் பிறகு இரண்டு முறை அந்தத் தெரு வரை தனியாக ஓட்டிப்போனேன். ஒருமுறை கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து மணிச் சத்தமும் துளசி வாசனையும் வந்தன. குளத்துப் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போய்ப் பார்த்தால், தயவுசெய்து கிறிஸ்துமஸ் வரை கீழே கருத்துப் பகுதியில் எழுதிவிடாதீர்கள்.