மொக்புல் பிடித்த கயிறு

எங்கள் நாட்டில் இரும்புச் சுரங்கம் கிடையாது. கிழடு தட்டிய கப்பல்தான் எங்கள் சுரங்கம். பணக்கார நாட்டுக்காரன் இரும்பை உருக்கிக் கப்பல் கட்டுவான், வருஷக்கணக்கில் சரக்கேற்றிச் சம்பாதிப்பான். கடைசியில் அதை உடைக்கிற வேலை வரும்போது மட்டும், ‘எங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்காது’ என்று எங்கள் தலையில் கட்டிவிடுவான். நாங்களும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்வோம். டாக்காவில் எழும்புகிற மாடி வீடுகளுக்குக் கம்பி வேறு எங்கிருந்து வரும்? சிட்டகாங்குக்கு வடக்கே பாட்டியாரி ரோட்டோரம் இருக்கிற என் கடையும் அந்தக் கப்பல்களை நம்பித்தான் நடக்கிறது. மாலுமிகள் சாப்பிட்ட தட்டு, படுத்த மெத்தை, முகம் பார்த்த கண்ணாடி எல்லாம் என்னிடம் கிடைக்கும். அதனால் நான் யோக்கியம் பேச வரவில்லை. மொக்புலைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

மொக்புல் வடக்கே குரிக்ராம் பக்கத்து ஆள். அவன் நிலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. தம்பி ரமீஸைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, கப்பலில் வெட்டிய தகடுகளைச் சுமந்தான். ஒரு கூட்டமாகத் தோள் கொடுத்து, பாட்டுப் பாடி, ஒரே சீராக அடி எடுத்து வைக்கிற வேலை அது. சேற்றில் ஒருத்தன் சறுக்கினான், தகடு மொக்புலின் பாதத்தில் விழுந்தது. நொண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பார்த்த சிராஜ் சர்தார், கூலிக்காரர்களை மேய்க்கிற மேஸ்திரி, அவனைக் கோழிக்காரனாக்கினான்.

கப்பலின் அடித்தொட்டிகளில் எண்ணெய்க் கசடு தேங்கிக் கிடக்கும். அதிலிருந்து கிளம்புகிற விஷக்காற்று கனமானது, அடியிலேயே படுத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறதாம். எங்களிடம் கோழி இருக்கிறது. கூடையில் வைத்துக் கயிற்றில் அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டுத் தூக்க வேண்டும். செத்திருந்தால் மூடிகளையெல்லாம் திறந்துபோட்டுத் தொட்டியைக் காற்றாட விடுவார்கள். செத்த கோழி ஹராம், தின்னக் கூடாது, கடலில் வீச வேண்டியதுதான். உயிரோடு வந்தால் ஆள் இறங்கலாம், கோழியும் கோழிக்காரனுக்கே சொந்தம். ஆனால் முதலில் இறங்குகிறவன் கோழிக்காரனின் சொந்தக்காரனாக இருக்க வேண்டும். அது கூலிக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இல்லாவிட்டால் எவன் எவனை நம்புவான்?

மொக்புலுக்கு இருந்த ஒரே சொந்தம் ரமீஸ். அதனால் அவனைப்போல நிதானமாகக் கோழி இறக்கிய ஆள் இந்தக் கரையில் கிடையாது. தூக்கிய கோழியின் கண் இமையை விரித்துப் பார்ப்பான், தரையில் விட்டு நடக்கவைப்பான்.

“பாய்ஜான், போதும். கோழிக்குக் கல்யாணம் பேசப் போறீங்களா?” என்று ரமீஸ் அண்ணனைக் கிண்டலடிப்பான்.

“மூடுடா. உன்னவிட அதுக்குப் புத்தி ஜாஸ்தி. வேணாம்னா செத்துக் காட்டுது.”

அந்த வருஷம் ஈதுக்கு ஊருக்குப் போன ரமீஸ், ஹஸ்னாவைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தான். மழை முடிந்த பிறகு அவள் முதல்தடவையாக இங்கே பஸ் ஏறி வந்தாள். அன்று காலையிலேயே மொக்புல் நொண்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். என்னை ஆபா, அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“ஆபா, விரிசல் இல்லாத தட்டா ரெண்டு குடுங்க. தம்பி பொண்டாட்டி வந்திருக்கா.”

“தட்டு சரி, அதுல என்னத்தப் போடுவ? பருப்பா?”

“கோழி, ஆபா. இன்னிக்கு ஒரு தொட்டி பாக்கணும். மொத மொத வந்த புள்ளைக்கு வெறும் பருப்பு போட்டா எங்க அம்மா கபர்லேருந்து எந்திரிச்சு வந்து அடிப்பா.”

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அப்போது உடைத்துக்கொண்டிருந்த கப்பலில், அந்தத் தொட்டியில் ஏற்கெனவே இரண்டு கோழி செத்து, மூடிகளைத் திறந்துபோட்டுக் காற்றாட விட்டிருந்தார்கள். பௌர்ணமிக்குக் கடல் ஏறும்போது அடுத்த கப்பல் கரையேறப்போகிறது, இடம் காலியாக வேண்டும் என்று கம்பெனி மானேஜர் சர்தாரைப் பிடுங்க, சர்தார் மொக்புலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

அன்று கோழி உயிரோடு வந்தது. இறக்கை அடித்துக்கொண்டு, கொக்கரித்துக்கொண்டு வந்தது. மொக்புல் அதை அங்கேயே பிஸ்மில்லா சொல்லி அறுத்து, கரைக்குப் போகிற ஓர் ஆளிடம் குடிசைக்குக் கொடுத்தனுப்பினான். ரமீஸ் ஏணியில் இறங்கினான். பாதியில் நிமிர்ந்து பார்த்து, “காரம் கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லுங்க, பாய்ஜான்” என்றானாம். அதற்கப்புறம் மேலேயிருந்து எத்தனை கூப்பிட்டும் பதிலில்லை. கொக்கி போட்டுத்தான் இழுத்தார்கள்.

மதியம் உடலைக் குடிசைக்குத் தூக்கிவந்தபோது ஹஸ்னா கறிக்கு உப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியில் ஒரு துண்டை எடுத்து ஊதி, வாயில் போட்டு மென்றுகொண்டே வாசலுக்கு வந்தாள். ஒத்தாசைக்குப் போயிருந்த நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் என் கண் அவிந்துபோயிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாயங்காலம் அடக்கம் முடிந்ததும் மானேஜர் வந்தான். சட்டையில் ஒரு கறை இல்லை.

“பலவீனமான இதயம். பாவம். கம்பெனி என்ன செய்ய முடியும்?”

“விஷக்காத்து சார்” என்றார்கள் கூட்டத்தில்.

“கோழி உயிரோட வந்துச்சா இல்லியா? நூறு பேர் பாத்திருக்கீங்க. காத்து நல்லா இருந்திருக்கு. நஷ்ட ஈடு கேக்க வழியே இல்ல.”

மொக்புல் அதுவரை சுவரோரம் குந்தியிருந்தான். எழுந்தான். ஹஸ்னாவுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும், அவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதைத் தவிர அவன் மண்டையில் வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“காத்து நல்லா இல்ல சார்” என்றான். “நான் கூடைய அடிவரைக்கும் விடல. காத்தாட விட்டாச்சே, சரியாயிருக்கும்னு பாதியிலயே கயித்தப் புடிச்சுக்கிட்டேன். கீழ விட்டிருந்தா கோழி செத்திருக்கும். விஷக்காத்துதான் சார் அவனக் கொன்னுச்சு. இவளுக்கு ஏதாவது குடுங்க.”

மானேஜர் சிரிக்கவில்லை, ஆனால் அவன் தோள் லேசானது தெரிந்தது.

“எல்லாரும் கேட்டீங்கல்ல? கொன்னது இவன். கம்பெனி இல்ல. போலீசுக்குப் போகாம விடுறேன், அது என் தயவு.” செருப்பைச் சேற்றில் படாமல் தூக்கித் தூக்கி வைத்து நடந்துபோய்விட்டான்.

ஹஸ்னாதான் கேட்டாள். அவள் மொக்புலிடம் பேசிய முதல் பேச்சு அது.

“ஏன் பாய்ஜான்? ஏன் கயித்த மேல புடிச்சீங்க?”

மொக்புல் என்னைப் பார்த்தான். சிராஜ் சர்தார்தான் முந்திக்கொண்டான். பழி தன் பக்கம் திரும்பிவிடுமோ என்கிற அவசரம் அவனுக்கு.

“எதுக்கா? உனக்காகத்தாம்மா. புதுப்பொண்ணு வந்திருக்கு, கோழி செத்துட்டா ஹராமாயிடும், கறி போட முடியாதுன்னுதான் மேல புடிச்சான். வேற என்ன?”

ஹஸ்னா தன் வாயிலேயே மாறி மாறி அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. மொக்புல் தடுக்கப் போனான். அவன் கை தன் மேல் படாமல் அவள் விலகிக்கொண்டே போனாள்.