கோட்டைக்குள் சுலைஹாவின் கையைப் பிடித்திருந்தது யார்?

ஜின் இருக்கிறது என்று ஓதியிருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊரில் சொல்லும் பேய்க் கதை ஒன்றையும் நான் நம்பியவள் இல்லை. விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். எங்காவது சத்தம் கேட்டது என்று பிள்ளைகள் பயந்தால், நானே டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதனால் நீங்கள் இப்போது என்னை ஒரு மாதிரிப் பார்ப்பது விளங்குகிறது. பாருங்கள், பரவாயில்லை.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம், எழுபத்தொன்பது. கல்முனையில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எனக்கு அது இரண்டாவது வருடம். காய்ச்சி வடித்தல் பாடம் எடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் உடையாத கண்ணாடிக் குழாய் ஒன்றுகூட இல்லை. நமது பக்கத்தில் பெரிய அளவில் வடித்தல் நடக்கிற இடம் ஒன்றுதான் இருந்தது, கரும்பு ஆலையோடு சேர்ந்த சாராய வடிசாலை. காலையில் அது, பின்னேரம் மட்டக்களப்பு ஒல்லாந்தர் கோட்டை என்று ஒருநாள் சுற்றுலாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஊர் கொதித்தது. பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், குமருப் புள்ளயளச் சாராயம் காச்சுற இடத்துக்கா கூட்டிப் போறீங்க?"

"குடிக்க இல்ல ஹாஜியார், படிக்க. சோதனையில அந்தக் கேள்வி வந்தா எங்கட புள்ளயள் என்னத்த எழுதுற?"

ஹாஜியார் போக எழும்பினார். "சரி, போங்க. மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னுக்கு முப்பத்தொரு புள்ளயும் ஊருல நிக்கோணும். ஒண்டு குறைஞ்சாலும் இனி ஒரு புள்ளயும் சுற்றுலா எண்டு படல வாசலத் தாண்டாது."

வடிசாலையில் எங்களைச் சுற்றிக் காட்டிய அதிகாரி முதலில் சிரித்தார். முப்பத்தொரு பிள்ளைகளும் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்தச் செப்புக் கொப்பரைகளைக் கண்டதும் பிள்ளைகள் மூக்கை மறந்துவிட்டார்கள். ஒருநாளும் வாய் திறக்காத சுலைஹா முன்னுக்கு வந்து, "தண்ணியும் சேந்துதானே ஆவியாகும், அது கலக்காம எப்பிடிப் பிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் அவளுக்கு மட்டும் விளங்கப்படுத்தினார். எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துபோனது.

கோட்டையில்தான் அது நடந்தது. இரவு இல்லை, பேய்க்காற்று இல்லை, நல்ல வெயில். கோட்டைக்குள் இருந்த அரசாங்கக் கந்தோரின் பியோன் ஒருவர், வயதானவர், மதில், பீரங்கி, வாவி எல்லாம் காட்டினார். நாலு மணிக்கு பஸ்ஸில் ஏற்றி எண்ணினேன். முப்பது. திரும்ப எண்ணினேன், முப்பதுதான். சுலைஹா இல்லை.

ஓடினேன். பியோன் ஒரு பக்கம், பஸ் ட்ரைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினோம். வாவிப் பக்கம் எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. யா அல்லாஹ், அவளுடைய வாப்பாவுக்கு என்ன சொல்வேன் என்று மதில் ஓரமாக வரும்போதுதான் ஒரு மனிசியைக் கண்டேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இந்தக் கண்ணால்தான் கண்டேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது. முக்காடு தோளில் விழுந்து கிடந்தது, தலை முழுக்க வெள்ளை. பழைய அறைகள் இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிட்டு மூலையால் திரும்பினார். ஓடிப்போய்ப் பார்த்தால் மூலைக்கு அங்கால் வெறும் சுவர். போக வழியே இல்லை. யோசிக்க நேரமில்லை, காட்டிய பக்கம் போனேன். ஒரு கதவு, வெளியே கொண்டி விழுந்திருந்தது.

பியோனைக் கூப்பிட்டேன். "அதுக்க ஒருத்தரும் போறயில்ல தங்கச்சி," என்றார். இருந்தாலும் வந்து, ட்ரைவரும் அவருமாகத் துருப்பிடித்த கொண்டியைத் தட்டித் தட்டித் தூக்கினார்கள்.

உள்ளே நல்ல இருட்டு. சுலைஹா ஒரு கல்லில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். சுவர் ஓட்டையால் வாவியைப் பார்க்க நுழைந்தாளாம், காற்றுக்குக் கதவு அடைபட்டு விட்டதாம். கண்ணீர் இல்லை, நடுக்கம் இல்லை. கட்டிப்பிடித்து அழுதது நான்தான்.

ஐந்து நிமிடத்தில் பஸ் புறப்பட்டது. ட்ரைவர் அன்று வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. கல்முனைச் சந்தியில் ஊரே திரண்டு நின்றது. ஹாஜியார் பஸ் வாசலில் நின்று ஒவ்வொருவராக இறக்கி எண்ணினார். கடைசியாகச் சுலைஹா இறங்க, "முப்பத்தொண்டு!" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, மஃரிபுக்கு பாங்கு கேட்டது. பிள்ளைகள் கைதட்டிய தட்டில் பாங்குக்காக அவர்களை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

கோட்டையில் பிள்ளை காணாமல் போனதை அடுத்த நாள் மறைக்காமல் ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புள்ளயத் தேடாம பஸ்ஸ எடுத்திருந்தாத்தான் நான் கோவிச்சிருப்பன்," என்றார். அந்த வருடம் சோதனையில் வடித்தல் கேள்வி வந்தது, எங்கள் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். அடுத்த வருடச் சுற்றுலாவுக்கு இரண்டு பஸ். முன் சீட்டில் ஹாஜியாரின் பேத்தி!

இதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு உங்களிடம் வாய் திறந்திருக்க மாட்டேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது சுலைஹா என் பக்கத்தில்தான் இருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், என்னோட இருந்தது உங்கட உம்மாவா?"

"யாரு புள்ள?"

"உங்கட முகமேதான் டீச்சர். முடி மட்டும் வெள்ள. நீங்க வருகுற வரைக்கும் என்ட கையப் புடிச்சிக்கிட்டே இருந்தாங்க. சின்ன விரல் மட்டும் மடங்கல்ல, குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு நிண்டிச்சு."

என் உம்மா எனக்கு ஏழு வயதாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். ஒரு நரை முடி விழாத தலை.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"பயப்படாத மகள், நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கன் எண்டாங்க. இங்கதானே இருக்காங்க, பொறகு என்ன வாறது எண்டு எனக்கு விளங்கல்ல."

எனக்கும் விளங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன், பல வருடம் நினைத்தும் பார்க்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் வான் வண்டிக் கதவில் வலது கை நெரிபட்டது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் இதோ பாருங்கள், இந்தச் சின்ன விரல் மடங்காது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று முடியை விரித்துப் பார்க்கிறேன். முன்பக்கம் வெளுத்துவிட்டது. பின்னால், அன்று அந்த மனிசியிடம் நான் கண்ட பக்கம், இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது.