தட்டு மாறிய ஞாயிறு

அவளுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. காதோரம் நரை ஓடிவிட்டது, மகளைக் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. ஆனாலும் புகுந்த வீட்டில் அவள் இன்னும் ‘சின்னவ’தான். இளைய மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள் அல்லவா, பல் கொட்டினாலும் சின்னவளாகத்தான் இருந்தாக வேண்டும். பெயரில்தான் சின்னது. வேலை என்று வந்தால் அவள் தலையில் விழுவது எப்போதும் பெரிய பங்கு.

வாரம் முழுக்கச் சலவைக்கூடத்தில் நிற்கிறாள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து, மடித்து, அடுக்கும் வேலை. ஈர விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கி உதறி உதறியே வலது தோள் போயிற்று. கையைக் காதுக்கு மேலே தூக்கினால் உயிர் போகிறது. தலைவாருவதை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அதனால் வகிடு எப்போதும் கோணல்.

ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. ஊருக்கெல்லாம் அன்று ஓய்வு, அவளுக்கு அன்று கிழங்கு.

ஞாயிறு மதியம் குடும்பம் மொத்தமும் மூத்தவர் வீட்டில் கூடிச் சாப்பிடும். சோறு, கறி எல்லாம் மூத்தவரின் மனைவி பெரியவள் பொறுப்பு. நாத்தனார் பழம் வாங்கிக்கொண்டு வருவாள், அதுவும் நினைவிருந்தால். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இனிப்பாக வைத்துக்கொள்ள, சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சுட்டு ஒரு தட்டு சின்னவள் கொண்டுவர வேண்டும். கல்யாணமான புதிதில், நல்ல பெயர் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு ஒருமுறை செய்தாள். நல்ல பெயர் கிடைத்தது. அன்று பிடித்த சனி இன்றுவரை விடவில்லை.

அது சும்மா வேலையும் இல்லை. சனிக்கிழமையே கிழங்கைத் தோலோடு அரைவேக்காடாக அவித்து ஆறவிட வேண்டும். மறுநாள் தோலுரித்து வட்டம் வட்டமாக நறுக்கினால்தான் உடையாமல் வரும். தட்டில் வட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்கி, வெண்ணெயையும் பழுப்புச் சர்க்கரையையும் உருக்கி ஊற்றி, ஆரஞ்சைப் பிழிந்துவிட்டு, கடைசியில் உப்பு ஒரு சிட்டிகை. அந்த உப்பில்தான் சூட்சுமம் என்பது அவள் கட்சி. உப்பு இல்லாவிட்டால் இனிப்பு திகட்டும், இரண்டாவது கரண்டி இறங்காது.

வீட்டில் அடுப்புதான் உண்டு, சுடுகிற பெட்டி கிடையாது. தெருமுனை பேக்கரியில் ஞாயிறு காலை ரொட்டி வேலை முடிந்த பிறகும் சூளை சூடாகவே கிடக்கும். தெருக்காரர்கள் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள். பேக்கரிக்காரர் நீளத் துடுப்பால் உள்ளே தள்ளி, வெந்ததும் வெளியே இழுத்து வைப்பார். எல்லாத் தட்டும் ஒரே பாத்திரக் கடையில் வாங்கியவை, எல்லாவற்றின் மேலும் வெள்ளித்தாள் மூடியிருக்கும். எது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்காக அவரவர் ஓர் அடையாளம் வைப்பார்கள். சின்னவள் பழைய விரிப்பிலிருந்து கிழித்த துணி நாடாவைக் கைப்பிடியில் கட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. கிழங்கு அடுப்பில் இருக்கும்போது கணவரிடம் பேச்சை எடுத்தாள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரார் மேலே ஏறவும் கீழே இறங்கவும் பாடுபடுகிற மனிதர், வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

“இனிமே என்னால முடியலங்க. பெரியவங்க பண்ணட்டும், இல்ல கடையில வாங்கிக்கலாம்” என்றாள்.

“உன் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்? நீ பண்ணாத கிழங்க அம்மா வாயில வெப்பாங்களா? நானே வெக்க மாட்டேன்” என்றார் அவர்.

இப்படிச் சொன்னால் மேற்கொண்டு என்ன பேசுவது? அவளுக்குள் அசதி பாதி என்றால் பெருமை பாதி. தன் கை இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு வாய் குறையும் என்கிற நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை ஞாயிறுகளையும் தள்ளியிருக்கிறாள். அதுவும் இல்லை என்றால் அவ்வளவும் வெறும் கூலியில்லா வேலை. அது அவளுக்கே தெரியும், அதனால் அதிகம் கிளற மாட்டாள்.

மறுநாள் தோள் வலியில் நாடா கட்ட மறந்தாள். பேக்கரியில் அன்று நல்ல கூட்டம். திரும்பப் போனபோது பேக்கரிக்காரர், “கிழங்குதானேக்கா?” என்று கேட்டு ஒரு தட்டை நீட்டினார். தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். வட்டம் வட்டமாகக் கிழங்குதான். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மூத்தவர் வீட்டில் வழக்கம்போலச் சத்தமும் சாப்பாடும். மாமியார் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, சின்னவ கை பட்டால் அது தனி என்றார். மூத்தவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இதைச் சாப்பிடத்தான் ஞாயிற்றுக்கிழமையே வருகிறது என்றார். பெரியவள்கூட, ஏதோ பல்லைப் பிடுங்குகிற மாதிரி, நன்றாக இருப்பதாக ஒப்புக்கொண்டாள். கணவர் ‘பார்த்தாயா’ என்பதுபோல இவளைப் பார்த்தார். இன்றைக்குச் சபையிலேயே சொல்லிவிடலாம் என்று வந்தவள், அந்தப் பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

பரிமாறியவளுக்கு மிஞ்சுவது அடிக்கிழங்கு. எல்லாரும் எழுந்த பிறகு பாத்திரம் தேய்க்கிற தொட்டியருகே நின்று, தட்டின் மூலையில் ஒட்டியிருந்த துண்டைச் சுரண்டி வாயில் போட்டாள். சுக்குக் காரம் நாக்கில் ஏறியது. அவள் சுக்கு போடுவதே இல்லை. இன்னொரு துண்டு எடுத்துப் பார்த்தாள். ஆரஞ்சும் இல்லை, உப்பும் இல்லை.

யாரோ ஒருத்தியின் கிழங்கு. இத்தனை பேர் உட்கார்ந்து, சின்னவள் பெயரைச் சொல்லிச் சொல்லி, சொட்டு விடாமல் தின்று தீர்த்திருக்கிறார்கள். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு கால் வலித்தது, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கூடத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எழுந்துபோய்ச் சொல்ல மனம் வரவில்லை. தட்டைத் தேய்த்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் தட்டை ஒப்படைக்கப் பேக்கரிக்குப் போனாள். அங்கே அவளுக்கு முன்பே ஓர் இளம்பெண் காத்திருந்தாள், கையில் சின்னவளின் தட்டு. தையல் கடையில் வேலை போலிருக்கிறது, ரவிக்கை ஓரத்தில் ஊசி குத்தியிருந்தது. தப்பு என்மேல்தான், அவசரத்தில் பார்க்காமல் எடுத்துவிட்டேன் என்று அவளே மன்னிப்புக் கேட்டாள்.

“உங்க கிழங்கு ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. அந்த உப்பு போட்டிருந்தீங்களே, அது எனக்குத் தோணவே இல்ல. ஆனா எங்க வீட்டுக்காரரு முதல் வாயிலயே கையை நிறுத்திட்டாரு, இது உன்னோடது இல்லையேன்னு. பொண்ணு அதுக்கு மேல, அம்மா கிழங்கு எங்கன்னு ஒரே அழுகை. உங்க வீட்லயும் கண்டுபிடிச்சிருப்பாங்களே?”

ஒரு நாள் பழக்கமும் இல்லாத இந்தப் பெண்ணுக்குச் சின்னவள் போட்ட உப்பு தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லி அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் மூன்றாம் மனுஷியிடம் வீட்டாரை எப்படி விட்டுக்கொடுப்பது?

“கண்டுபிடிக்காம? என் மாமியார் கரண்டியக் கீழயே வெச்சுட்டாங்க” என்றாள்.

“அதானே” என்று அந்தப் பெண் சிரித்துவிட்டுத் தன் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அண்ணன் போன் செய்தாராம். வருகிற ஞாயிறு பெரியவளின் தம்பி குடும்பமும் வருகிறதாம், கிழங்கு கொஞ்சம் சேர்த்துச் செய்ய வேண்டுமாம்.

அவள் தட்டை அலமாரியில் வைத்தாள். இடது கையால்தான் வைத்தாள்.

“பேக்கரிக்குப் போயி எவளோட தட்டையாவது எடுத்துட்டுப் போங்க. நேத்து அப்படித்தான் சாப்பிட்டீங்க. அது நான் பண்ணது இல்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முந்தைய நாள் சாப்பாட்டை நினைவுபடுத்திப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் நல்லதாக வராதா என்று அவள் நின்றாள்.

“அப்படியா?” என்றார். “நல்லாத்தானே இருந்துச்சு.”

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.