டைப்பிங்... டைப்பிங்...

போன சனிக்கிழமை மாலை. அடையாறில் ஒரு காபி கடையில் நானும் என் அக்கா மகள் நித்யாவும் உட்கார்ந்திருந்தோம். நித்யாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், குரல் தெரியும். ‘டைப்பிங்... டைப்பிங்...’ என்று கொஞ்ச நாளாக ஆட்டோவிலும் ஜிம்மிலும் கல்யாண ரிசப்ஷனிலும் அலறுகிறதே ஒரு பாட்டு – அது அவளுடைய ராக் பேண்ட் போட்டதுதான்.

பாட்டு பிறந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூட வேலை பார்த்த பிரவீணிடம் தன் விருப்பத்தை மெசேஜில் சொன்னாள் நித்யா. அந்தப் பக்கம் ‘டைப்பிங்’ என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. கடைசியில் வந்தது, ஒரு கட்டைவிரல் பொம்மை.

அவ்வளவுதான். மனசைத் திறந்து காட்டிய பெண்ணுக்குக் கட்டைவிரலா?

அழுதாள். வேலையை மாற்றினாள். வேளச்சேரியில் டிரம்மர் வீட்டு கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து பாட்டு எழுதினாள். கிடாரும் டிரம்ஸும் சேர்ந்து அவனை வெளுத்து வாங்கின. “கேட்டா அவனுக்கு உறைக்கணும் மாமா” என்பாள்.

அந்தப் பிரவீண்தான் சனிக்கிழமை கடைக்குள் நுழைந்தான். நேராக எங்கள் மேஜைக்கு வந்தான்.

“நித்யா, எப்படி இருக்கே? உன் பாட்டுதான் என் ரிங்டோன்.”

அவள் காபிக் கப்பைக் கீழே வைத்தாள்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். யாரு அந்த ஆளு? ஒரு பொண்ணை இப்படிக் காக்க வெச்சிருக்கான்... சரியான கல்நெஞ்சக்காரன்.”

நான் அவசரமாகத் தண்ணீர் குடித்தேன். திட்டுகிற பாட்டை எல்லாம் அடுத்தவனுக்கு என்றுதானே கேட்கிறோம்... நீங்களும் நானும் மட்டும் என்ன?

நித்யா அவனையே பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியது. சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

“நம்ம பழைய ஆபீஸ்ல இருந்தான். பாவம், டைப்பிங் கொஞ்சம் ஸ்லோ” என்றாள்.

பிரவீண் விழுந்து விழுந்து சிரித்தான். அவளோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“ஏம்மா சொல்லல?”

“சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மாமா. அந்த மூஞ்சியப் பார்த்ததும், இவனுக்காகவா அவ்வளவு அழுதோம்னு ஆயிடுச்சு.”

சொல்லிவிட்டு என் சமோசாவையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்து நாளாகிவிட்டது.

பேண்டில்தான் இப்போது கவலை. அவளுக்குக் கோபம் போய்விட்டது. அடுத்த பாட்டு வரவே மாட்டேன் என்கிறது. நேற்று கிடாரிஸ்ட் எனக்கு போன் பண்ணினான். “அங்கிள், அவளை அழ வைக்க வேற யாராவது கிடைப்பாங்களா?”

“எங்க அக்கா அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிருக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோப்பா” என்றேன்.